டெபியன் பேக்கேஜிங் கத்துக்கணுமா? வேலூர் பக்கத்து பசங்களுக்காக ஒரு வழிகாட்டி

காட்பாடி, பாகாயம், குடியாத்தம், வாலாஜானு இந்தப் பக்கம் எந்த காலேஜ் பசங்களோட பேசினாலும் ஒரு கேள்வி வந்துடும், அண்ணா ஓப்பன் சோர்ஸ்ல ஏதாச்சும் பண்ணணும்னு ஆசையா இருக்கு ஆனா பெரிய ப்ராஜெக்ட் கோடை தொறந்தாலே தலை சுத்துது, எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னு. நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான், பேக்கேஜிங் பக்கம் வாங்க. யாரோ எழுதின சாஃப்ட்வேரை எடுத்து, ஒழுங்கா பில்ட் பண்ணி, அதுக்கு வேற எது எதெல்லாம் தேவைன்னு எழுதி வச்சி, லைசன்ஸ் சரியா இருக்கான்னு பாத்து, ஒரே கமாண்ட்ல யாரு வேணா இன்ஸ்டால் பண்ணிக்கிற மாதிரி கொண்டு போய் சேக்குற வேலை இது. இதுக்கு பெரிய கோடரா இருக்கணும்னு இல்ல, பொறுமையா படிக்கத் தெரியணும், எரர் வந்தா கடைசி வரிய மட்டும் பாக்காம மேல போய் எங்க ஆரம்பிச்சதுன்னு தேடுற பழக்கம் இருக்கணும், அவ்ளோதான்.

நான் இங்க சொல்றது டெபியன்ங்கிற லினக்ஸ் ஓஎஸைப் பத்தி. ஃபெடோரா, ஆர்ச்னு மத்த லினக்ஸ் எல்லாத்துலயும் இதே வேலை இருக்கு, ஆனா டெபியன்ல செஞ்சா அது போற தூரம் ஜாஸ்தி. 1993ல இயன் மர்டாக் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், இன்னிக்கு வரைக்கும் எந்த கம்பெனிக்கும் சொந்தம் இல்லாம தன்னார்வலர்களே நடத்துறாங்க. உபுண்டு அதுலேந்துதான் வருது, ராஸ்பெரி பைல ஓடுற ஓஎஸ் அதுலேந்துதான் வருது. நம்ம அரசாங்கம் பிளஸ் டூ பசங்களுக்கு குடுத்த லேப்டாப்ல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சே, மத்திய அரசோட சீடாக் நிறுவனம் பண்ணது, அதுவும் டெபியன் மேல கட்டினதுதான். 2025 ஆகஸ்ட்ல வந்த ட்ரிக்சிங்கிற 13வது ரிலீஸ்ல 69 ஆயிரத்துக்கு மேல பேக்கேஜ் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் உக்காந்து பாத்துக்கணும், ஆள் எப்பவும் பத்தாது.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், கமாண்ட், ஃபைல் பேரெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப, பெரிய எழுத்துன்னு நான் தனியா சொல்ற இடம் தவிர, இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

முதல்ல ஒரு வேண்டுகோள். புது பேக்கேஜ் பண்ணி ஆரம்பிக்காதீங்க. எல்லாருக்கும் அதான் ஆசை, கிட்ஹப்ல ஒரு டூல் புடிச்சிருக்கும், டெபியன்ல இல்ல, அதை நாமளே உள்ள கொண்டு போகலாம்னு தோணும். ஆனா ஒரு பேக்கேஜ் உள்ள போச்சுன்னா அதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா பாத்துக்கணும், அதை எழுதினவங்க புது வெர்ஷன் விட்டா அப்டேட் பண்ணணும், செக்யூரிட்டி ஓட்டை வந்தா அடைக்கணும், பைத்தான் வெர்ஷன் மாறினா உடையும், அதை சரி பண்ணணும். நாலாவது செமஸ்டர்ல ஆர்வமா உள்ள விட்டுட்டு வேலை கெடச்சி பெங்களூரு போனதும் மறந்துட்டா அது யாருமில்லாம கெடக்கும். ஏற்கனவே உள்ள இருக்குறதுலயே கவனிக்க ஆள் இல்லாதது எவ்வளவோ இருக்கு. அதுல கை வச்சீங்கன்னா கத்துக்கறதும் வேகம், உங்க வேலைய வரவேற்கவும் ஆள் இருக்கும்.

சரி, மெஷின். டெபியன்ல பேக்கேஜிங் வேலை எல்லாம் சிட் அப்படிங்கிற அன்ஸ்டேபிள் கிளைலதான் நடக்கும், புது வேலை எல்லாம் முதல்ல வந்து சேர்ற இடம் அது. அதுக்காக உங்க லேப்டாப்ல சிட் போட வேணாம், ஒரு நாள் ஓடும் ஒரு நாள் ஓடாது, அதுல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேற எழுதணும். உபுண்டுவோ டெபியன் ஸ்டேபிளோ இருக்குறது இருக்கட்டும், அதுக்குள்ள பாட்மேன் இல்லன்னா டாக்கர் போட்டு டெபியன் சிட் இமேஜை இழுத்து அந்த கன்டெய்னருக்குள்ள, அதாவது உங்க மெஷினுக்குள்ள தனியா ஓடுற ஒரு சின்ன டெபியனுக்குள்ள, வேலை செய்யுங்க. உங்க ஹோம்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதை கன்டெய்னரோட மவுன்ட் பண்ணிக்குங்க, இல்லாட்டி கன்டெய்னரை அழிச்சா செஞ்ச வேலையும் சேர்ந்து போயிடும். கொஞ்ச நாள் பழகினப்புறம் எஸ்பில்ட்னு ஒரு டூல் இருக்கு, ஒவ்வொரு தடவையும் சுத்தமான சூழல்ல பில்ட் பண்ணும், அதுக்கு மாறிக்கலாம், டெபியனோட சொந்த பில்ட் சர்வர்லயும் அதான் ஓடுது.

கன்டெய்னருக்குள்ள போனதும் எட்சி ஆப்ட் சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி ஃபோல்டர்ல டெபியன் டாட் சோர்சஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல டைப்ஸ் அப்படிங்கிற வரில டெப் மட்டும் இருக்கும், பக்கத்துல ஒரு ஸ்பேஸ் விட்டு டெப்-எஸ்ஆர்சின்னு சேருங்க. இது சேக்கலன்னா சோர்ஸ் வராது, நெறைய பேர் இங்கயே மாட்டிக்கிறாங்க. அப்புறம் ஆப்ட் அப்டேட், அதுக்கப்புறம் பில்ட்-எசென்ஷியல், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், டெப்ஹெல்பர், லின்டியன், க்வில்ட், கிட்-பில்ட்பேக்கேஜ் இவ்வளவும் இன்ஸ்டால் பண்ணிக்குங்க. நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்துதான் வருதுன்னா, இல்ல நாலஞ்சு பேர் ஒண்ணா உக்காந்து பண்றீங்கன்னா, ஒரு மெஷின்ல ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு வச்சிக்குங்க, ஒருத்தர் இறக்கினது மத்தவங்களுக்கு லோக்கல்லயே கெடைக்கும், டேட்டா மிச்சம்.

பழக ஹலோன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, க்னூ ப்ராஜெக்டோடது, ஹலோ வேர்ல்ட்னு சொல்றது மட்டும்தான் அதோட வேலை, பேக்கேஜிங் எப்படி பண்ணணும்னு காட்டவே வச்சிருக்காங்க. ஆப்ட் சோர்ஸ் ஹலோன்னு அடிங்க. ரூட்டா ஓடுறீங்கன்னா அன்சாண்ட்பாக்ஸ்டுன்னு ஒரு வார்னிங் வரலாம், அது எரர் இல்ல, விட்டுடுங்க. முக்கியமா மூணு ஃபைல் வந்து எறங்கும். ஒண்ணு ஆரிஜ் டார், அது எழுதினவங்க விட்ட மூல கோட், அந்த எழுதினவங்களையும் அவங்க கோடையும் அப்ஸ்ட்ரீம்னு சொல்வாங்க. இன்னொண்ணு டெபியன் டார், அது டெபியன்காரங்க சேத்தது. மூணாவது டிஎஸ்சி, இந்த ரெண்டும் சரியான ஃபைல்தானான்னு செக்சம் போட்டு கையெழுத்து வச்ச சின்ன ஃபைல். வெர்ஷன் 2.10-3ன்னு இருந்தா 2.10 அப்ஸ்ட்ரீமோடது, நடுவுல இருக்குற சின்ன கோடுக்கு (-) அப்புறம் வர்ற 3 டெபியன் பக்கம் எத்தனாவது திருத்தம்னு காட்டுறது. மத்தவங்க கோட் எது, நம்ம வேலை எதுன்னு கடைசி வரைக்கும் கலக்காம தனியா வச்சிருக்காங்க பாருங்க, இந்தப் பிரிவு மனசுல பதிஞ்சிடுச்சின்னா மீதி எல்லாம் லேசு.

அடுத்து ஆப்ட் பில்ட்-டெப் ஹலோ, இது பில்ட் பண்ண என்னென்ன வேணுமோ அத்தனையும் இழுத்துடும். ஃபோல்டருக்குள்ள போய் டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் -யுஎஸ் -யுசின்னு அடிங்க, அந்த ரெண்டு ஆப்ஷனும் கையெழுத்து போடாத பில்டுக்கு. கொஞ்ச நேரத்துல மேல் ஃபோல்டர்ல டாட் டெப் ஃபைல் வந்து நிக்கும். உங்க கையால கட்டின முதல் பேக்கேஜ். டிபிகேஜி-டெப் -சி போட்டு உள்ள எந்த ஃபைல் எங்க போகுதுன்னு பாருங்க, டிபிகேஜி-டெப் -ஐ போட்டா (இந்த ஐ மட்டும் பெரிய எழுத்து) விவரம் வரும்.

இப்ப டெபியன் ஃபோல்டரைத் தொறந்து ஒவ்வொரு ஃபைலா படிக்கணும். இதுல அவசரமே படாதீங்க, ஒரு சாயங்காலம் முழுக்க இதுக்கே குடுத்தாலும் தகும்.

கண்ட்ரோல் ஃபைல்ல ரெண்டு பகுதி இருக்கும், மேல சோர்ஸ், கீழ அதுலேந்து வர்ற பேக்கேஜ். மேல பில்ட்-டிபெண்ட்ஸ், அதாவது கட்டுறதுக்கு என்ன வேணும். கீழ டிபெண்ட்ஸ், ஓடுறதுக்கு என்ன வேணும். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறவங்க அதிகம். ஆர்க்கிடெக்சர்ல எனின்னு இருந்தா ஒவ்வொரு சிபியுக்கும் தனியா கட்டணும், ஆல்னு இருந்தா ஒரு தடவை கட்டினா எல்லாத்துக்கும் போதும், ஃபான்ட், டாக்குமென்ட், சுத்தமான பைத்தான் கோட் எல்லாம் ஆல்தான். ரூல்ஸ் ஃபைல் ஒரு மேக்ஃபைல், பழைய பேக்கேஜ்ல பக்கம் பக்கமா இருக்கும், இப்பல்லாம் பெரும்பாலும் %: போட்டு அடுத்த வரில ஒரு டேப் விட்டு டிஎச் $@ அவ்ளோதான். அந்த டேபுக்கு பதில் ஸ்பேஸ் விட்டா பில்ட் நின்னுடும்.

சேஞ்ச்லாக் ஃபைலை மட்டும் கையால எழுத வேணாம். அதுல எங்க ரெண்டு ஸ்பேஸ் எங்க ஒரு ஸ்பேஸ்னு கணக்கு இருக்கு, தேதிய எழுதுற முறை இருக்கு, ஒண்ணு தப்பினா டூல் எல்லாம் கத்தும். டிசிஎச்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது போட்டுக் குடுக்கும். அதுக்கு முன்னாடி டெப்ஃபுல்நேம், டெப்இமெயில்னு ரெண்டு வேரியபிள் (இது ரெண்டும் முழுக்க பெரிய எழுத்து) உங்க பேஷ்ஆர்சில செட் பண்ணி வச்சிடுங்க, இல்லாட்டி உங்க பேருக்குப் பதிலா ரூட்னு கன்டெய்னர் பேரோட போய் உக்காந்துக்கும். ஏதாவது பக்கை சரி பண்ணீங்கன்னா அந்த வரில க்ளோசஸ்னு போட்டு நம்பர் எழுதினா, பேக்கேஜ் உள்ள போனதும் பக் தானா மூடிக்கும்.

மூல கோட்ல ஒரு வரி மாத்தணும்னு வைங்க, நேரா எடிட்டர்ல தொறந்து மாத்திட்டு பில்ட் போட்டீங்கன்னா லோக்கல் சேஞ்சஸ் இருக்குன்னு சொல்லி நிறுத்திடும். எழுதினவங்க கோடை அப்படியே வச்சிட்டு நம்ம மாத்தத்தை பேட்ச்சா தனியா வைக்கணும். க்வில்ட் நியூன்னு பேட்சுக்கு பேர் வச்சி, க்வில்ட் ஆட்னு ஃபைலை சேத்து, அப்புறம் எடிட் பண்ணி, க்வில்ட் ரிஃப்ரெஷ். ஆட் பண்றதுக்கு முன்னாடி எடிட் பண்ணிட்டா பேட்ச் காலியா வரும், இந்த வரிசை முக்கியம். பேட்ச் தலைல இது எதுக்கு, யார் எழுதினது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாச்சான்னு எழுதணும். அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பறதை விட்டுடாதீங்க, அங்க ஏத்துக்கிட்டா டெபியனுக்கு மட்டும் இல்ல எல்லாருக்கும் நல்லது, நாமளும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் அந்த பேட்சை தூக்கிக்கினு சுத்த வேணாம்.

கட்டி முடிச்சதும் லின்டியன் ஓட்டுங்க. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனில வேலை செய்யற ஆளுங்க வீட்ல இருந்தா செக்கிங் டேபிள் தெரிஞ்சிருக்கும், தைச்சி முடிச்ச ஷூவை ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பாத்து நூல் பிரிஞ்சிருக்கா, பசை வழிஞ்சிருக்கான்னு சாக்பீஸ்ல வட்டம் போடுவாங்க, லின்டியன் அந்த வேலையத்தான் செய்யுது. சின்ன ஐ ஆப்ஷன் போட்டா ஏன் தப்புங்கிற விளக்கமும் குடுக்கும், அந்த விளக்கங்களைப் படிச்சே பாலிசிங்கிற டெபியன் விதிமுறைல பாதிய கத்துக்கலாம். ஆனா லின்டியன் சொன்ன சின்னச் சின்ன விஷயத்தையே ஊர்ப்பட்ட பேக்கேஜ்ல மாத்தி அனுப்பற வேலைல எறங்காதீங்க, அதை ஆட்டோமேட்டிக்கா செய்யற டூல் ஏற்கனவே இருக்கு, பாத்துக்கறவங்களுக்கும் அது தொல்லை.

வேலை எங்க தேடறது? ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது. உங்க மெஷின்ல என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கோ அதுல எது பாத்துக்க ஆளில்லாம அனாதையா இருக்கு, எதுல புதுசா வர்றவங்க செய்யலாம்னு குறிச்ச பக் இருக்கு, எது அடுத்த ரிலீஸ்லேந்து தூக்கப் போறாங்கன்னு பட்டியல் குடுக்கும். நீங்க தெனம் யூஸ் பண்றதையே எடுத்தீங்கன்னா அது சரியா ஓடுதா இல்லயான்னு உங்களுக்கே தெரியும், இதான் இதுல பெரிய பலம். சின்னதா தேர்ந்தெடுங்க. லிப்ரே ஆபீஸ், குரோமியம் பக்கம் போகாதீங்க, சித்திரை வெயில்ல வேலூர்ல ஒரு ரூம்ல உக்காந்து நாலு ஜிபி ராம் வச்சிக்கினு அதையெல்லாம் கட்டினா லேப்டாப்புக்கும் ஆகாது உங்களுக்கும் ஆகாது.

முதல் வேலைக்கு எது நல்லதுன்னு கேட்டா, நான் வாட்ச் ஃபைலை சொல்வேன். அப்ஸ்ட்ரீம் புது வெர்ஷன் விட்டுச்சான்னு பாக்கறதுக்கு டெபியன் ஃபோல்டர்ல ஒரு சின்ன ஃபைல், அதுல ஒரு அட்ரஸும் ஒரு பேட்டர்னும் இருக்கும். எழுதினவங்க கோடை சோர்ஸ்ஃபோர்ஜ்லேந்து கிட்ஹப்புக்கு மாத்திட்டா அந்த அட்ரஸ் செத்துடும், அப்புறம் புது வெர்ஷன் வந்ததே யாருக்கும் தெரியாம பழசு கெடக்கும். குடியாத்தத்துலேந்து வர்ற ஒரு தங்கச்சி முதல்ல செஞ்சது இதுதான். டெபியன்ல ஒவ்வொரு பேக்கேஜோட நெலமையையும் காட்டுற ட்ராக்கர் பக்கத்துல வாட்ச் ஃபைல் வேலை செய்யலன்னு செவப்புல இருந்ததைப் பாத்தாங்க, அப்ஸ்ட்ரீம் எங்க போச்சுன்னு தேடினாங்க, பழைய பக்கத்துலயே மாறிட்டோம்னு ஒரு வரி இருந்துச்சு. ஆனா அதே பேர்ல மூணு ஃபோர்க் இருந்துச்சு கிட்ஹப்ல, எது ஒரிஜினல்னு கண்டுபுடிக்க பழைய ரிலீஸோட ஆசிரியர் பேரையும் கமிட் வரலாற்றையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, அதான் அந்த வேலையோட உயிரே. அப்புறம் வாட்ச்ல அட்ரஸை மாத்தி, யுஸ்கேன் --வெர்போஸ் --நோ-டவுன்லோட் ஓட்டி, எந்த லிங்க் பேட்டர்னுக்கு பொருந்துது எது பொருந்தலன்னு வரிவரியா பாத்து, பீட்டா வெர்ஷனை புது ரிலீஸ்னு எடுத்துக்கிச்சின்னு தெரிஞ்சி பேட்டர்னை இறுக்கி அனுப்பினாங்க. கண்ட்ரோல் ஃபைல்ல ஹோம்பேஜும் பழசா இருந்ததால அதையும் இன்னொரு கமிட்டா மாத்தினாங்க. ரெண்டு வரி மாத்தம், ஆனா அதுக்குள்ள விசாரிச்ச விதம் இருக்கே அதைப் பாத்துத்தான் அந்த பேக்கேஜ் வச்சிருந்தவர் அடுத்த வேலையும் இவங்ககிட்டயே குடுத்தாரு.

இதைத் தவிர மேன் பேஜ்ங்கிற உதவிப் பக்கம் இல்லாத கமாண்டுக்கு ஒண்ணு எழுதறது, ஆட்டோபிகேஜிடெஸ்ட்னு தானா ஓடுற டெஸ்ட் சேக்கறது, புது ஜிசிசி கம்பைலர் வந்ததும் பில்ட் ஒடையறதை சரி பண்றது, இன்ஸ்டால் பண்றப்ப கேக்குற கேள்விகளை தமிழாக்கறதுன்னு நெறைய இருக்கு. டெஸ்ட் சேக்கறது ரொம்ப உதவி, ஏன்னா டெஸ்ட் பாஸ் ஆனா அந்த பேக்கேஜ், அடுத்த ரிலீஸ் தயாராகுற டெஸ்டிங் கிளைக்கு சீக்கிரமா நகரும்.

டெபியன் ஃபோல்டர்ல இருக்குற காப்பிரைட் ஃபைலைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம பசங்க எல்லாரும் இதைத்தான் சும்மா ஒரு சடங்குன்னு நெனைக்கிறாங்க. பேக்கேஜிங்ல நெஜமான வேலையே இதுலதான் இருக்கு. தமிழ் ஃபான்டையே எடுத்துக்குங்க. டெபியன்ல லோகித் தமிழ், மீரா இனிமைன்னு ஏற்கனவே இருக்கு, இன்னும் நல்ல நல்ல எழுத்துருவெல்லாம் வெளில இருக்கு, அதுல ஒண்ணை ஒரு நாள் உள்ள கொண்டு போகணும்னு நீங்க ஆசைப்படலாம், நானும் அதைத்தான் விரும்பறேன். ரெப்போவைத் தொறந்தா லைசன்ஸ் ஃபைல்ல ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ் 1.1ன்னு இருக்கும். சரின்னு அதோட நிறுத்தக் கூடாது. லைசன்ஸ்செக்னு ஒரு டூலை ரெகர்சிவா ஓட்டுங்க, ஒவ்வொரு ஃபைல் தலைலயும் என்ன எழுதியிருக்குன்னு சொல்லும். பில்ட் ஸ்கிரிப்ட் ஜிபிஎல்லா இருக்கும். லத்தீன் எழுத்தை வேற ஃபான்ட்லேந்து எடுத்திருப்பாங்க, அதுக்கு வேற உரிமையாளர். சாம்பிள்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல யாரோ கவிஞரோட பாட்டை அப்படியே பிடிஎஃப்பா போட்டிருப்பாங்க, அதுக்கு யார் அனுமதி குடுத்தது? அந்தப் பிடிஎஃப்பை தூக்கிட்டு ரீபேக் பண்ணணும், இல்லாட்டி அப்ஸ்ட்ரீம்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்லணும். அடுத்து, டிடிஎஃப் ஃபைல் மட்டும் இருக்கா, இல்ல அதை உருவாக்கின யுஎஃப்ஓ, எஸ்எஃப்டி மாதிரி மூல ஃபைலும் இருக்கா? இருந்தா ஃபான்ட்மேக் வச்சோ ஃபான்ட்ஃபோர்ஜ் வச்சோ நாமளே கட்டணும், கட்டி வச்ச டிடிஎஃப்பை காப்பி அடிக்கறது அழகு இல்ல. ரிசர்வ்டு ஃபான்ட் நேம்னு போட்டிருந்தா, நாம எழுத்துருவை மாத்தினா அந்தப் பேரை யூஸ் பண்ண முடியாது, அதையும் கவனிக்கணும்.

நம்ம ஊர் டிடிபி கடைல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மெஷின்ல நூத்துக்கணக்கான தமிழ் ஃபான்ட் இருக்கும், எது யாரு பண்ணது, என்ன உரிமைன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, பென் டிரைவ்ல வந்துச்சும்பாங்க. இலவசம்னு எழுதியிருக்குறதுலயும் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். டெபியனோட வழிகாட்டு விதிகள் 1997லேந்து இருக்கு, அதுல ஆறாவது விதிப்படி எந்தத் துறைல யூஸ் பண்ணலாம்னு கட்டுப்பாடு வைக்கக் கூடாது, அதனால அந்த ஒரு வரியே அதை மெயின்ங்கிற டெபியனோட முக்கியப் பகுதிலேந்து வெளிய வச்சிடும். இது பிடிவாதம் இல்ல. இதே பத்திரிகை அடிக்கிற கடைக்காரர் நாளைக்கு எந்த வழக்குக்கும் பயப்படாம அந்த ஃபான்டைப் போட்டு தொழில் பண்ணணும்னா அந்த அனுமதி எழுத்துல இருக்கணும். டெபியன்லேந்து எடுத்தா இந்தக் கவலை இருக்கக் கூடாதுன்னுதான் புது பேக்கேஜ் ஒவ்வொண்ணும் நியூ க்யூன்னு ஒரு வரிசைல நின்னு, ஆர்கைவ் பாத்துக்கறவங்க காப்பிரைட் ஃபைலை படிச்சப்புறம்தான் உள்ள போகுது. உங்க ஃபைல்ல ஒரு ஆசிரியர் பேர் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவாங்க. திருப்பினா சரி பண்ணி மறுபடியும் அனுப்பலாம்.

செஞ்ச வேலைய எப்படி அனுப்பறது? ரெண்டு வழி. ஒண்ணு சல்சா, அது டெபியனோட சொந்த கிட்லேப். அக்கவுன்ட் அப்ரூவல் ஆக கொஞ்சம் லேட் ஆகலாம், அதனால இன்னிக்கே கேட்டு வச்சிடுங்க. ஃபோர்க் பண்ணி, ஒரு பிராஞ்ச் போட்டு, ஒரு கமிட்ல ஒரு விஷயம் மட்டும் வச்சி மெர்ஜ் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அங்க இருக்குற சிஐங்கிற தானியங்கி சோதனை உங்களுக்குப் பதிலா கட்டி, லின்டியன் ஓட்டி, இன்ஸ்டால் பண்ணி எடுத்துக் கூட பாத்துடும், லேப்டாப் சுமாரா இருக்குறவங்களுக்கு இது பெரிய உதவி. காலேஜ் லேப்ல எஸ்எஸ்எச் ப்ளாக் பண்ணியிருந்தா எச்டிடிபிஎஸ் அட்ரஸ்ல க்ளோன் பண்ணி டோக்கன் போட்டு புஷ் பண்ணுங்க. நிறைய பேக்கேஜ்ல சேஞ்ச்லாகை கமிட் மெசேஜ்லேந்து கடைசில எடுப்பாங்க, அதனால பழைய கமிட்டுங்களைப் பாத்துட்டு அவங்க தொடலன்னா நீங்களும் தொடாதீங்க.

ரெண்டாவது வழி மெயில். டெபியன்ல பக் ட்ராக்கர் மொத்தமும் மெயில்லதான் ஓடுது, வெப்சைட்ல பாக்கலாம், ஆனா எழுதறது மெயில்ல. ரிப்போர்ட்பக்னு ஒரு கமாண்ட் இருக்கு, கேள்வி கேட்டு கேட்டு மெயிலைத் தயார் பண்ணும், லேப்லேந்து மெயில் போகலன்னா --டெம்ப்ளேட் போட்டு வர்றதை காப்பி பண்ணி உங்க மெயில்லேந்து அனுப்பலாம். ப்ளெயின் டெக்ஸ்ட்ல அனுப்புங்க, கலரு, சிக்னேச்சர் படம் எல்லாம் வேணாம். நாம பழகின பழக்கம், ரெஸ்பெக்டட் சார்னு ஆரம்பிச்சி நாலு வரி பணிவா எழுதிட்டுதான் விஷயத்துக்கு வருவோம். அங்க ஹலோ போட்டு பேர் சொல்லி நேரா விஷயத்துக்கு வரலாம், அது மரியாதைக் குறைவு இல்ல. எந்த வெர்ஷன், என்ன செஞ்சேன், என்ன நடந்துச்சு, என்ன நடந்திருக்கணும், பேட்ச் கூட வச்சிருக்கேன், இவ்வளவுதான். இங்கிலீஷ் சரியா வருமான்னு பயப்படாதீங்க, படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்ல, சின்னச் சின்ன வாக்கியமா எழுதினா எல்லாருக்கும் புரியும். பதில் எழுதறப்ப அவங்க கேட்ட வரிய வச்சி அதுக்குக் கீழயே பதில் எழுதுங்க. பதில் வர வாரக்கணக்குல ஆகலாம், எல்லாரும் வேலைக்குப் போயிட்டு மிச்ச நேரத்துல பண்றவங்க. ஒரு மாசம் பாத்துட்டு ஒரு தடவை மெதுவா ஞாபகப்படுத்தலாம், தெனம் பிங் பண்ணாதீங்க.

இப்படி கொஞ்ச காலம் ஓடினப்புறம் ஒரு அனாதை பேக்கேஜை தத்தெடுக்கலாம், இல்ல புதுசா ஒண்ணு உள்ள கொண்டு போலாம். புதுசுன்னா முதல்ல ஐடிபின்னு ஒரு பக் போட்டு நான் இதை எடுக்கப் போறேன்னு அறிவிக்கணும், ரெண்டு பேர் ஒரே வேலைய செய்யாம இருக்க. உங்களுக்கு அப்லோட் உரிமை இருக்காது, அதனால மென்டார்ஸ்ங்கிற சைட்ல ஏத்தி ஆர்எஃப்எஸ் பக் போட்டு ஸ்பான்சர், அதாவது உங்களுக்காக அப்லோட் பண்றவர், வேணும்னு கேக்கணும். இதைவிட நல்ல வழி டீம்ல சேர்றது, பைத்தான் டீம், ரூபி டீம், ஃபான்ட்ஸ் டீம்னு இருக்கு, டீம்ல உங்க வேலைய ஏற்கனவே பாத்தவங்க இருந்தா ஸ்பான்சர் கெடைக்கறது சுலபம்.

அப்லோட் பண்ண ஜிபிஜி கீ வேணும், இது நீங்கதான் அனுப்பினீங்கன்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்துக்கு. ஆர்எஸ்ஏ 4096 போட்டுக்குங்க. இங்க நம்மாளுங்க கவனிக்க வேண்டியது இனிஷியல் சமாச்சாரம். ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, மார்க்ஷீட்ல இனிஷியல் முன்னாடின்னு ஒவ்வொண்ணுல ஒவ்வொரு மாதிரி இருக்கும். பின்னாடி டெபியன் மெயின்டெய்னர், அதாவது தன் பேக்கேஜை தானே அப்லோட் பண்ண உரிமை உள்ளவர், ஆகணும்னா ஒரு டெபியன் டெவலப்பர் உங்க கீல கையெழுத்து போடணும், பெரும்பாலும் ஐடி கார்டைப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. அதனால எந்த ஐடிய காட்டப் போறீங்களோ அதுல இருக்குற மாதிரியே கீல பேர் வைங்க. கீயையும், அதை ரத்து பண்ண உதவுற ரெவகேஷன் சர்டிஃபிகேட்டையும் ஒரு பென் டிரைவ்ல எடுத்து பீரோல பத்திரமா வைங்க, லேப்டாப் போனா கீயும் போயிடும்.

கையெழுத்து வாங்க நேர்ல பாக்கறதுதான் நல்லது. 2023 ஜனவரில விழுப்புரத்துல மினிடெப்கான்ஃப்னு டெபியன்காரங்க கூடுற சின்ன மாநாடு நடந்துச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல கொச்சில பெரிய மாநாடான டெப்கான்ஃபே நடந்துச்சு. காட்பாடிலேந்து திருவண்ணாமலை வழியா விழுப்புரத்துக்கு ரயிலே இருக்கு. இந்த மாதிரி பக்கத்துல எது நடந்தாலும் போயிடுங்க, போறப்ப கீயோட ஃபிங்கர்பிரின்ட்டை சின்னச் சின்ன சீட்டா பிரின்ட் எடுத்துக்கினு போங்க. டெப்கான்ஃபுக்கு போக பயணச் செலவுக்கு உதவித்தொகை கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

பணம் வருமான்னு வீட்ல கேப்பாங்க, கேக்கறதும் நியாயம். நேரா சம்பளம் கெடையாது. ஆனா கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி ரெண்டுலயும் டெபியன் பல தடவை கலந்துக்கிட்டு இருக்கு, அதுல ஸ்டைபெண்ட் உண்டு, ஏற்கனவே பேட்ச் குடுத்தவங்களுக்கு அங்க நல்ல பேர் இருக்கும். இன்டர்வியூல உங்க பேர் போட்ட சேஞ்ச்லாகை காட்டினா அது யாரு வேணா சரிபாத்துக்கிற வேலை.

பேக்கேஜ் உள்ள போனதும் ட்ராக்கர் பக்கத்துல அதுக்கு சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க, எல்லா சேதியும் மெயிலுக்கு வரும். பில்ட் லாக் பக்கத்துல ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரா பாருங்க, உங்க லேப்டாப்ல நல்லா ஓடினது எஸ்390எக்ஸ்ங்கிற ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல தோத்திருக்கும், அங்க பைட் வரிசை தலைகீழ், டெஸ்ட்ல அது மாட்டும். அன்ஸ்டேபிள்லேந்து டெஸ்டிங்குக்கு பொதுவா 5 நாள் ஆகும், நகரலன்னா ஏன்னு எக்ஸ்க்யூசஸ்ங்கிற பக்கத்துல ஒரு வரி எழுதியிருக்கும், அதைப் படிங்க. ரிலீஸையே தடுக்குற அளவுக்குப் பெரிய ரிலீஸ் க்ரிட்டிக்கல் பக் வந்து நீங்க கவனிக்கலன்னா டெஸ்டிங்லேந்து தானா எடுத்துடுவாங்க, அதுக்கு முன்னாடி மெயில் வரும்.

பரீட்சை, வேலை, கல்யாணம், உடம்பு சரியில்லன்னு எது வேணா வரலாம், முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பதிலா பாத்துக்க ஆள் தேடணும்னா ஆர்எஃப்ஏ பக் போடுங்க, கூட ஒருத்தர் வேணும்னா ஆர்எஃப்எச் பக், மொத்தமா விடணும்னா ஓன்னு ஆரம்பிக்கிற ஆர்ஃபன் பக். போடறப்ப இதுல என்ன பாக்கி இருக்கு, அப்ஸ்ட்ரீம் பதில் சொல்றாங்களா, எந்த பேட்ச் எதுக்கு வச்சிருக்கேன்னு நாலு வரி எழுதி வைங்க, அடுத்து ராணிப்பேட்டைலேந்தோ பிரேசில்லேந்தோ அதை எடுக்கிறவங்களுக்கு அந்த நாலு வரிதான் கைல இருக்கும்.